நோட்டீஸ் சுற்றிய பாகற்காய்

பிள்ளைகளா, நேற்று சாயங்காலம் மாடியில் வெண்டைச் செடியைச் சுற்றி நின்றுகொண்டு இரண்டு பேரும் என்னைக் கேட்டீர்களே, "போன்ல ஆர்டர் போட்டா நாளைக்கே பூச்சி ஸ்ப்ரே வந்துரும், எதுக்குப்பா தெனமும் காலைல எங்கள எழுப்பி இலையைப் புரட்டச் சொல்லுதிய?" என்று. சின்னவன் இன்னும் ஒரு படி மேலே போய், "அப்பா கஞ்சம்லா" என்றான். நான் சிரித்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். பதிலை வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் அப்பா பத்தாவதோடு நின்றவன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற கை இது. வாக்கியம் அங்கங்கே முறுக்கிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தேன். எங்கள் வீடு இலஞ்சியில், குற்றாலத்துக்குப் போகிற ரோட்டோரம் இருந்தது. என் அப்பா, அதாவது நீங்கள் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிற உங்கள் தாத்தா, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தார். காலையில் பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். டப்பாக்களை இறக்குவது, அடுக்குவது, ஒழுகுகிற கேனைத் துடைப்பது, எந்தப் புழுவுக்கு எந்த மருந்து, டேங்குக்கு எத்தனை மூடி என்று விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் வாசல் வழியாக உள்ளே வரமாட்டார். சுற்றிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போவார். சட்டையைக் கழற்றித் தனி வாளியில் போட்டுவிட்டு, துணி சோப்பை எடுத்து முழங்கை வரை தேய்ப்பார், கழுவுவார், திரும்பவும் தேய்ப்பார். நானும் அக்காவும் அவர் சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருக்கும் என்று ஓடுவோம். அம்மா அடுக்களையிலிருந்தே கத்துவாள்: "ஏட்டி, தொடாத! அப்பா கை கழுவட்டும்!" கழுவி முடித்த பிறகும் அவர் எங்களைத் தூக்குவதற்குக் கொஞ்சம் யோசிப்பார். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். எங்கள் அப்பா சுத்தத்தில் ரொம்பக் கறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இப்போது அம்மாவின் தோட்டத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கொஞ்சம் மண் கிடந்தது. அதில் அம்மா வெண்டையும் கத்தரியும் போட்டு, வேலியோரம் பாகலுக்குப் பந்தல் கட்டியிருந்தாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுத் தோட்டம் என்றால் மருந்துக்கு என்ன பஞ்சம்? ஆனால் ஒரு சொட்டு மருந்தும் அங்கே விழாது. அதற்குப் பதிலாக விடிந்ததும் எங்களை எழுப்பிவிடுவாள். வெயில் ஏறிவிட்டால் புழு இறங்கி மண்ணுக்குள் பதுங்கிக்கொள்ளும், அதற்கு முன்னால் பிடித்தாக வேண்டும். ஆளுக்கு ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர். இலையைப் புரட்டுவோம், புழுவை எடுப்போம், டப்பாவில் போடுவோம். கத்தரியில் ஒரு குருத்து வாடித் தலை தொங்கினால் உள்ளே புழு துளைத்திருக்கிறது என்று அர்த்தம். வாடின இடத்துக்குக் கீழே நறுக்கென்று கிள்ளி அதையும் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடுத்த குருத்து தானே வந்துவிடும்.

தோட்டத்தைச் சுற்றி அம்மா ஆமணக்கு நட்டிருந்தாள். அது எதற்கு என்று கேட்டால், "வார ஆளுக்கு இலை போட வேண்டாமா?" என்பாள். உண்மையிலேயே விருந்துதான் அது. வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு வெண்டையைவிட ஆமணக்கு இலை மேல் ஆசை அதிகம். அங்கே கூட்டமாக முட்டையிடும். அந்த ஒரு இலையைக் கிள்ளி எடுத்தால் ஒரு குடும்பமே கைக்கு வந்துவிடும். அதைத் தாண்டி வெண்டைக்கு வந்துவிட்ட புழுவிடம் அம்மா நேராகவே சண்டை போடுவாள். "ஏலே, ஒனக்கு இங்கன என்ன சோலி? அங்கன ஒனக்குன்னு ஆமணக்கு நிக்குல்லா? அங்க திங்க மாட்டியோ? மொகரையப் பாரு." ரோட்டில் போகிறவர்கள் பிள்ளையைத்தான் திட்டுகிறாள் என்று நினைப்பார்கள்.

ஆனால் எல்லாப் பூச்சியையும் திட்டமாட்டாள். சிலந்தி வலையை அக்கா குச்சியால் சுருட்டினால் அடி விழும். குளவி ஒன்று புழுவைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது, "அது நம்ம ஆளு, சம்பளம் இல்லாம வேல பாக்கு" என்று வழிவிட்டு நின்றாள். அசுவினிப் பேன் அப்பியிருந்தால் சாம்பலைத் தூவுவாள். பழைய எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவிக் கம்பில் கவிழ்த்து வைத்திருப்பாள். வெள்ளை ஈக்கு மஞ்சளைக் கண்டால் புத்தி மாறிவிடும், போய் ஒட்டிக்கொள்ளும். வேப்பங்கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ஊறப்போட்டு, சோப்புக் கரைசல் கலந்து துடைப்பத்தால் தெளிப்பாள். குற்றால சீசன் நேரத்தில்தான் சங்கடம். காலையில் தெளித்தால் மத்தியானம் சாரல் வந்து கழுவிவிட்டுப் போய்விடும். அவள் மேற்கே மலையைப் பார்த்து, "நான் தெளிக்கணும், நீ கழுவணும், நல்லாருக்கு நம்ம ஏற்பாடு" என்பாள். சாரல் நின்றதும் திரும்பவும் துடைப்பத்தை எடுப்பாள்.

இது எல்லாவற்றையும் அவள் சமாளித்துவிட்டாள். பாகல்தான் படுத்தியது. பழ ஈ என்று ஒன்று. பிஞ்சில் குத்தி முட்டையை உள்ளே வைத்துவிடும். பிறகு காய் ஒரு பக்கமாகக் கோணி, மஞ்சளாகி, அறுத்தால் உள்ளே நெளியும். கையால் எடுக்க முடியாது, சாம்பலுக்கும் பயப்படாது. பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே மூடிவிட்டால் ஈ குத்தாது என்று அம்மா கண்டுபிடித்தாள். நியூஸ் பேப்பரைச் சுருட்டிப் பிஞ்சுக்குச் சட்டை போட்டாள். இரண்டு நாள் சாரல் அடித்தது. பேப்பர் கூழாகி ஒழுகிவிட்டது.

அப்போதுதான் அவள் கண்ணில் நோட்டீஸ் கட்டுகள் பட்டன. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கடைக்கு மூட்டை மூட்டையாக நோட்டீஸ் அனுப்புவார்கள். மிஞ்சினதை அப்பா அடுப்புப் பற்றவைக்கக் கொண்டுவந்து போட்டிருந்தார். வழவழவென்று பளபளக்கிற தாள். தண்ணீர் பட்டால் முத்தாக உருண்டு ஓடும். அதில் ஒரு விவசாயி பல் தெரியச் சிரித்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அவர் காலடியில் ஒரு புழு மல்லாக்கக் கிடக்கும். அம்மா அந்தத் தாளைச் சுருட்டி, ஒவ்வொரு பிஞ்சுக்கும் மாட்டி, மேலே வாழை நாரால் கட்டினாள். அவ்வளவுதான். சாரல் என்ன, ஆடிக் காற்றே வந்தாலும் அசையவில்லை. பந்தல் முழுக்க அந்த ஒரே ஆள் தொங்கிக்கொண்டு சிரித்தார். நாங்கள் அவருக்குச் சிரிப்பு மாமா என்று பெயர் வைத்தோம். பாகல் காய்த்த காய்ப்பு இருக்கிறதே, ஒரு காய்கூடக் கோணல் இல்லை.

வில்லங்கம் இங்கேதான் தொடங்கியது.

சீசனில் அருவிக்குக் குளிக்கப் போகிற ஆட்கள் எல்லாம் எங்கள் வேலியைத் தாண்டித்தான் போவார்கள். அப்படி ஒருநாள், தோளில் ஈரத் துண்டோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு விவசாயி, பந்தலையும் சிரிப்பு மாமாவையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். யார் வீடு என்று விசாரித்திருக்கிறார். அடுத்து மார்க்கெட்டுக்கு வந்தபோது கடையில் போய், "அண்ணாச்சி, ஒங்க கடையில நிக்காம்லா, அவன் வீட்டுப் பாகலுக்கு அடிச்ச மருந்தக் குடுங்க. காய் அப்படியே செலை மாதிரி தொங்குது" என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார்.

முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அப்பா வாயைத் திறப்பதற்குள் டப்பா கைமாறிவிட்டது. பிறகு அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரும் தோட்டத்துக்குள் வந்து பார்க்கவில்லை. நோட்டீஸ் தொங்குகிறது, காய் நன்றாக இருக்கிறது, வேறென்ன வேண்டும்? முதலாளி அப்பாவை மின்விசிறிக்குக் கீழே முன்கவுண்டரில் நிற்கவைத்தார். அப்பா பயந்த சுபாவம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

ஒருநாள் கையில் ஒரு புது மருந்து பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். குழாயடியில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு அடுக்களை வாசலில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழம கம்பெனிக்காரர் வாறாராம். வேன்ல விவசாயிகளையும் கூட்டிட்டு வாறாவ. நம்ம தோட்டத்தப் படம் எடுக்கணுமாம்."

அம்மா தோசையைத் திருப்பவில்லை. "எதுக்கு?"

"மாதிரித் தோட்டமாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவ இத அடிச்சு வைக்கச் சொல்லிட்டாரு மொதலாளி. வாசம் இருக்கணுமாம்."

தோசை கருகுகிற வாடை வந்தது. அம்மா அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒங்க வேல போயிரக் கூடாது. பாட்டில அங்கன செவத்து மேல வைங்க. கேட்டா நாந்தான் அடிச்சேன்னு சொல்லிருதேன். நாலு வார்த்த பொய் சொன்னா என்ன கொறஞ்சா போயிருவேன்?"

அப்பா எழுந்து போய்ப் பாட்டிலைச் சுவர் மேல் வைத்தார். எனக்கோ ஒரே குஷி. எங்கள் தோட்டத்தைப் படம் எடுக்க வேன் வரப்போகிறது. அக்கா அன்றைக்கே தன் பாவாடையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு வெண்டைப் பாத்திக்குப் போனார். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் மூடியைத் திருகினார். செடியைப் பார்த்தார். ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மூடியை இறுக்கி, பாட்டிலைச் சுவர் மேல் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். எதையும் தொடாமல் எதற்குக் கழுவுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தூறலோடு வேன் வந்தது. முதலாளி குடையோடு இறங்கினார். கழுத்தில் டை கட்டின கம்பெனிக்காரர் கேமராவோடு இறங்கினார். பின்னாலேயே ஏழெட்டு விவசாயிகள். தோட்டத்துக்குள் கால் வைக்க இடம் இல்லை. கம்பெனிக்காரர் பந்தலுக்குக் கீழே குனிந்து போய், ஒரு சிரிப்பு மாமாவை விலக்கிக் காயைப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். அம்மாவைப் பார்த்து, "அக்கா, எத்தனை நாளைக்கு ஒருதரம் அடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பாவின் குரல் கேட்டது.

"அடிக்கல சார்."

அப்பா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சத்தமாக என்றால், பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவ்வளவுதான்.

"என்னது?"

"இந்தத் தோட்டத்துல மருந்து அடிக்கல சார். இவ கையாலயே புழு எடுக்கா. வேப்பங்கொட்டக் கரைசல் தெளிக்கா. மருந்துன்னு காய் மேல பட்டது அந்த நோட்டீஸ் மட்டுந்தான்."

கூட்டத்தில் ஒரு பெரியவர், "அப்போ அதை எதுக்குலே மாட்டி வச்சிருக்கிய?" என்று கேட்டார்.

"சாரலுக்கு நியூஸ் பேப்பர் கிழிஞ்சிருது, அண்ணாச்சி. இது கிழியல."

 அந்தப் பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்படிப் போடு! மருந்தவிடத் தாளுதான் நல்லா வேல செய்யுதுன்னு சொல்லுத!" வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு மழையிலேயே நின்றார்.

கம்பெனிக்காரர் விடவில்லை. "ஒரு தடவைகூடவா அடிக்கல?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மாவுக்கு இப்போது பொய் சொல்ல வேண்டிய வேலை இல்லை. நிம்மதியாகப் பேசினாள். "அப்படிச் சத்தியம்லாம் பண்ண மாட்டேன் தம்பி. போன வருசம் செம்பருத்தியில மாவுப்பூச்சி அப்பிட்டு. என்ன செஞ்சும் போகல. அந்த ஒரு செடிக்கு மட்டும் அவியளக் கொண்டு அடிச்சேன். பிள்ளைங்க அந்தப் பக்கம் போகாம செடியச் சுத்திக் கயிறு கட்டி வச்சேன். நெறைய நட்டிருக்கவுகளுக்கு என்னைய மாதிரி ஒவ்வொரு இலையாப் பொரட்ட முடியுமா? முடியாது. எனக்கு இருக்கது இவ்வளவு எடம். என் கை எட்டுது, எடுக்கேன்."

விவசாயிகள் கலைந்து பாத்திக்குள் இறங்கிவிட்டார்கள். ஒருவர் ஆமணக்கைக் காட்டி விசாரித்தார். ஒருவர் மஞ்சள் டின்னைத் தொட்டுவிட்டு விரலை வேட்டியில் துடைத்தார். கம்பெனிக்காரர் கேமராவை உறையில் போட்டுக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்தார். அப்பா என்ன செய்வது என்று தெரியாமல் வெண்டைச் செடி பக்கத்தில் நின்றார். நின்றவர், ஒரு பிஞ்சு வெண்டையை ஒடித்து அப்படியே வாயில் வைத்துக் கடித்தார். இன்னொன்றை ஒடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கித் தின்றேன். மூன்றாவதை ஒடித்து முதலாளியிடம் கொடுத்தார்.

முதலாளி அதை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி குடும்மா, கழுவிக்கிடுதேன்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் அம்மா. "கழுவாமலே திங்கலாம்."

அவர் கையில் வெண்டைக்காயோடு அப்படியே நின்றார். காயைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கோபத்தில் தூக்கி எறியப்போகிறார் என்று நான் அக்காவின் பின்னால் ஒதுங்கினேன். அவர் எறியவில்லை. ஓரத்தில் கொஞ்சமாகக் கடித்தார். மென்றார். காம்பு வரைக்கும் தின்றார். அப்பாவிடம், "நாளைக்குக் கடைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அன்றைக்குப் பூராவும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போய்விட்டது என்றே அம்மா முடிவு செய்துவிட்டாள். "நாந்தான் சொல்லிருதேன்னு சொன்னேம்லா, எதுக்கு நீங்க முந்திக்கிட்டிய?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்பா, "ஒன் தோட்டம்லா" என்றார். 

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த நாள் முதலாளி அப்பாவை முன்கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டார். மருந்து இருக்கிற பக்கமே வரக் கூடாது, இனி பின்னால் இருக்கிற விதை ரூமைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மின்விசிறி இல்லை, ஜன்னல் இல்லை, மூட்டைகளுக்கு நடுவில் எலிதான் துணை. எனக்கு அந்த முதலாளி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. உண்மையைச் சொன்ன மனிதனை மூலையில் உட்காரவைத்துவிட்டாரே என்று அழுதேன். அதன் பிறகு அவர் வீட்டுக்கு வாரம் தவறாமல் ஒரு பை வெண்டை எங்கள் தோட்டத்திலிருந்து போனது. அவர் மகளுக்கு அது பிள்ளை உண்டாகியிருந்த நேரம் என்றும், அவளுக்காகத்தான் அந்தப் பை போனது என்றும் பிற்பாடுதான் தெரியும். பையை அப்பா கொண்டுபோகிறபோதெல்லாம் நான் மனதுக்குள், தண்டனையும் கொடுத்துவிட்டுக் காயும் வாங்கித் தின்கிறார் என்று கருவிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வேடிக்கை. அதற்குப் பிறகு விவசாயிகள் கடைக்கு வந்து மருந்தோடு சேர்த்து, "அந்தச் சிரிக்கிற ஆள் போட்ட நோட்டீஸ் ஒரு கட்டுக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்களாம். சிரிப்பு மாமா ஊர் ஊராகப் பந்தலில் தொங்கினார்.

சாரல் முடிந்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் சாயங்காலம். நான் முன்வாசலில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். கொல்லைப் பக்கம் திரும்பவில்லை. நேரே வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். என் தலையில் கையை வைத்து முடியைக் கலைத்துவிட்டார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் சட்டையில் சாக்கும் நெல்விதையும் கலந்த ஒரு வாசம் அடித்தது.

நான் கத்தினேன்: "அம்மா! அப்பா கை கழுவ மறந்துட்டாவ!"

அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்புப் புகை கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று அப்போது நான் நினைத்தேன்.

இவ்வளவுதான் பிள்ளைகளா. இதை எழுதி முடிக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். என் மோட்டார் கடையைத் திறக்க இன்னும் நேரம் இருந்தது. மாடிக்குப் போனேன். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. நீங்கள் காலையில் புரட்டாமல் விட்ட இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு புழு இருந்தது, எடுத்தேன். ஒரு பிஞ்சு வெண்டையை ஒடித்தேன். தண்ணீர்க் குழாய் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதைத் திறக்காமல், காயை அப்படியே கடித்தேன்.